தேய்ந்த கட்டையின் குரல்

முட்டுக்கட்டை என்னும் சொல்லை இந்நாளில் நாம் பெரும்பாலும் வசையாகவே வழங்கி வருகிறோம். நற்செயலுக்குக் குறுக்கே நிற்பவனை முட்டுக்கட்டை என்கிறோம். சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற விடாதவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். ஆயின், அச்சொல் பிறந்த இடம் தேரோடும் திருவீதி. மலைபோல் அசைந்துவரும் தேரின் சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகி, அதன் வேகத்தைத் தணித்தும், வளைவிலே திருப்பியும், நிலைக்கு வந்தவுடன் நிறுத்தியும் காக்கின்ற கருவி அது. வடம் பிடிப்போர் ஆயிரவர் ஆயினும், அவர்தம் உயிர் கட்டை போடும் சிலரின் கையில் இருக்கிறது.

இன்று மோட்டார் வண்டிகளில் பிரேக் என வழங்கும் தடைக்கருவி செய்வதும் அக்கட்டையின் வேலையே. இரண்டுமே உராய்வினால் வேலை செய்கின்றன; ஆதலால் இரண்டுமே தேய்கின்றன. தேய்ந்துவிட்டதை வண்டி தன்னை ஓட்டுவோனுக்கு எவ்வாறு அறிவிக்கிறது, அவ்வறிவிப்பு முறை எப்படி வளர்ந்தது, அறிவித்தும் செயல்படாவிடில் நேர்வது யாது என்பவற்றைப் பேரா மாநிலத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணெதிரே தேய்ந்த காலம்

தேர்க்கட்டையின் தேய்மானத்தை அறிவிக்கத் தனிக்கருவி எதுவும் வேண்டியதில்லை. கட்டை போடுவோன் கையிலேயே அது இருக்கிறது. நசுங்கினாலும் பிளந்தாலும் அவன் கண்ணுக்கே முதலில் தெரிகிறது. உடனே வேறொன்றை எடுத்துக்கொள்கிறான். பயன்படுத்துவோன், பழுதைக் காண்போன், மாற்றுவோன் ஆகிய மூவரும் அங்கே ஒருவராகவே அமைந்திருப்பது நம் கருத்திற்கு உரியது.

வண்டிக்கு நேரக்கூடியதை முன்னரே எண்ணிப் பார்க்கும் பழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழுங்கால், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சினை அவனுக்கு உவமையாக்குகின்றார். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியக்கூடும் என்று எண்ணி, முறிவதற்கு முன்பே மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர் அம்மக்கள்.

இருப்புப் பாதை வந்தபோது கண்ணின் வேலையிற் பாதி செவிக்குச் சென்றது. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885 ஜூன் 1-ஆம் நாள் இப்பேராவிலேதான், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள அப்பாதையில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் பலரின் வியர்வை சிந்தியது. அக்காலத்து இரயில் உலகில் நீண்ட கைப்பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிச் செல்வதற்கென்றே பணியாளர் இருந்தனர். கணீரென்று ஒலித்தால் சக்கரம் நன்று; ஒலி மழுங்கினால் விரிசல் உண்டு. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த கலைதான் இஃது. பொருள் தன் குறையைத் தன் ஓசையாலேயே சொல்லும் என்னும் இவ்வுண்மை பின்னர் மோட்டார் வண்டிக்கும் பயன்படலாயிற்று.

ஓசையை ஒழிக்க முயன்றோர்

1888 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனி நாட்டுப் பெர்த்தா பென்சு அம்மையார், தம் கணவர் கார்ல் பென்சு உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஷைம் நகருக்கு ஓட்டிச் சென்றார். வழியிலிருந்த இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அம்மையார் ஒரு சிற்றூரில் செருப்புத் தைப்பவரிடம் சென்று, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடித்துத் தருமாறு கேட்டு வாங்கினார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் கூறும் உராய்வு உறையின் முன்னோடி அத்தோல் துண்டே எனலாம். தேய்வது கட்டையாக இருத்தலைவிட, கட்டையின்மேல் போர்த்திய, எளிதில் மாற்றத்தக்க உறையாக இருப்பது நன்று என்னும் கருத்து அங்கே பிறந்தது.

1897-இல் இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைநாட்டில் ஹெர்பர்ட் புரூடு என்பவர் இக்கருத்தைத் தொழிலாகவே வளர்த்தார். குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்சுகளைப் பிரேக் கட்டையில் வைத்துக் கட்டுவதைக் கண்டு அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பர். அவர் பெயரைத் திருப்பி அமைத்ததே பெரோடோ என்னும் வணிகப் பெயர்.

1902-இல் பிரடெரிக் லாஞ்சஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தட்டுப் பிரேக்குக்கு உரிமம் பெற்றார். சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் இடுக்கிபோல் கவ்விப் பிடிக்கும் அமைப்பு அது. ஆனால் செம்பாலான கவ்விகள் உலோகத் தட்டில் உராய்ந்தபோது எழுந்த கிறீச்சொலி மக்களால் பொறுக்கக்கூடியதாக இல்லை. பின்னர்க் கவ்விகளின்மேல் கல்நார் உறையிட்டு அவ்வொலியை அடக்கினர். கல்நார் வெப்பத்தைத் தாங்கியது, ஓசையையும் விழுங்கியது.

அதற்கு மனிதன் கொடுத்த விலை பின்னரே தெரிந்தது. பிரேக் தூசியை ஊதித் துடைத்த பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலில் அக்கல்நார் இழைகள் தங்கின. அவற்றால் வரும் நோய் பல்லாண்டு கழித்தே வெளிப்படும். உறை தேய்வதை அறிய வழி தேடியவர்கள், அத்தேய்மானம் எங்கே சென்று சேர்கிறது என்பதை நெடுங்காலம் கேளாமலே இருந்துவிட்டனர். பல நாடுகள் இப்போது கல்நாரைத் தடைசெய்துள்ளன.

ஒழித்த ஓசையை மீண்டும் அழைத்தோர்

1953-இல் பிரான்சு நாட்டு லே மான் ஓட்டப் பந்தயத்தில் டன்லப் தட்டுப் பிரேக்குகள் பூண்ட ஜாகுவார் கார் வென்றது. 1955-இல் வெளிவந்த சித்ரோவன் டி.எஸ். கார் தட்டுப் பிரேக்கைப் பொதுமக்கள் வண்டிக்குக் கொண்டுவந்தது. அதன்பின் உலகெங்கும் கார்களின் முன்சக்கரங்களில் இம்முறை பரவிற்று.

தட்டைக் கவ்வும் பகுதியைப் பிரேக் பேட் என்கிறோம். எஃகுத் தகட்டின்மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளே அது. புதிதாக இருக்கையில் அதன் கனம் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சக்கரத்தின் உள்ளே மறைந்திருப்பதால் ஓட்டுநன் அதனைக் காணான். தேர்க்கட்டையைப்போல் கையில் எடுத்துப் பார்க்கவும் இயலாது.

இவ்விடத்தில்தான் பொறியாளர் ஒரு வேடிக்கையான முடிவுக்கு வந்தனர். அரைநூற்றாண்டுக் காலம் பாடுபட்டு ஒழித்த கிறீச்சொலியைத் தாமே மீண்டும் வண்டிக்குள் வைத்தனர். பேட்டின் எஃகுத் தகட்டோடு சிறியதொரு வில்லெஃகு நாக்கைப் பொருத்தினர். உராய்வுப் பொருள் கனமாக இருக்கும்வரை அந்நாக்கு தட்டைத் தொடாது. ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவே எஞ்சும்போது அது சுழலும் தட்டில் பட்டுக் கீச்சிடத் தொடங்கும். வண்டிகள் பலவற்றில் மெதுவாகச் செல்லும்போதே இவ்வொலி கேட்கும். பிரேக்கை அழுத்தினால் மாறும் அல்லது நிற்கும். மின்சாரமோ விளக்கோ வேண்டாத இந்நாக்கு இன்றும் எத்தனையோ வண்டிகளில் இருக்கிறது.

இதன் சிறப்பு யாதெனில், இது கேடு வந்தபின் எழும் ஓலம் அன்று. வருமுன் எழும் குரல். இக்குரல் கேட்டபின்னும் சில காலம் வண்டி நிற்கும் ஆற்றல் உடையதாகவே இருக்கும். அதனையும் கேளாமல் ஓட்டினால் உராய்வுப் பொருள் முற்றும் தீர்ந்து, எஃகும் இரும்பும் நேரே அரைபடும். அப்போது கீச்சொலி மறைந்து கரகரவென்னும் உறுமல் எழும். முன்னது எச்சரிக்கை, பின்னது சேதம். இவ்விரு ஒலிகளின் வேறுபாட்டை வண்டியோட்டும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

செவிக்கு அடுத்தபடியாகக் கண்ணுக்கும் அறிவிப்பு வைத்தனர். பேட்டின் உள்ளே குறித்த ஆழத்தில் மெல்லிய கம்பி ஒன்றைப் புதைத்தனர். பேட் அவ்வளவிற்குத் தேய்ந்தவுடன் கம்பி அறும் அல்லது தட்டைத் தொடும், மின்னோட்டம் மாறும், ஓட்டுநன் முன்னுள்ள பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். வட்டம் ஒன்றின் இருபுறமும் விட்டுவிட்டு வரைந்த வளைகோடுகள் இருப்பின் அது பேட் தேய்மானத்தைக் குறிக்கும்.

விலை குறைந்த வண்டிகளிலும் மறைமுகமான அறிவிப்பு ஒன்று உண்டு. பேட் தேயத் தேய, அதனைத் தள்ளும் உலக்கை முன்னேறி நிற்கும். பின்னே தோன்றும் இடைவெளியைப் பிரேக் எண்ணெய் நிரப்பும். ஆதலால் கலத்தில் எண்ணெயின் மட்டம் இறங்கும். மட்டம் மிகத் தாழ்ந்தால் மிதவை இறங்கிச் சிவப்பு விளக்கு எரியும். எண்ணெய் ஒழுகினாலும் இவ்விளக்கே எரியும். இங்கே பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. விளக்கு எரிந்தவுடன், காரணத்தை ஆராயாமல், கலத்தில் எண்ணெயை ஊற்றி விளக்கை அணைத்துவிடுகின்றனர். நோய் அப்படியே இருக்க நோயாளியின் வாயைப் பொத்துவதை ஒத்தது இது.

கார்களின் நிலை இவ்வாறாக, கனத்த வண்டிகளின் நிலை வேறு. லோரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலானவை காற்றழுத்தத்தால் இயங்கும் உருளைப் பிரேக் உடையவை. உருளையின் உட்சுவரில் உறை அழுந்தி வண்டியை நிறுத்தும். அங்கே கீச்சிடும் நாக்கு பொதுவாக இல்லை. காற்றழுத்தம் குறைந்தால் ஒலியெழுப்பும் கருவி உண்டு. ஆனால் அது காற்றைப் பற்றிச் சொல்லுமேயன்றி உறையைப் பற்றிச் சொல்லாது. முற்காலத்தில் உறை தேய்ந்தால் தள்ளுகோல் கூடுதலாக நகரும். அதனைக் கண்டு பட்டறையார் திருத்துவர். இப்போதுள்ள தானியங்கித் திருத்தி அந்நகர்வைத் தானே சரிசெய்துவிடுகிறது. அது நன்மையே. எனினும், தேய்மானத்தின் பழைய அடையாளம் ஒன்றும் அதனோடு மறைந்தது. ஆகவே, அடியிற் படுத்து, பார்வைத் துளையின் வழியே உறையின் கனத்தைக் காணும் மனிதக் கண்ணுக்கு இங்கே மாற்று எளிதில் இல்லை. வண்டிகளின் பிரேக் பற்றிய ஐக்கிய நாடுகளின் 13-ஆம் விதியும், தேய்மானத்தை வெளியிலிருந்தோ அடியிலிருந்தோ எளிதில் காணத்தக்க அமைப்பு வேண்டும் என்று கூறி, அதற்கு மாற்றாக ஓட்டுநனை எச்சரிக்கும் ஒலியையோ ஒளியையோ ஏற்கிறது.

பேராவின் இறக்கங்கள்

பேராவின் நிலஅமைப்பு பிரேக்கைச் சோதிக்கும் அமைப்பு. ஈப்போவின் வடக்கே ஜெலாப்பாங்கிற்கும் கோலகங்சாருக்கும் இடையில் நெடுஞ்சாலை மெனோரா சுரங்கத்தின் வழியே மலையைக் கடக்கிறது. அதனை ஒட்டிய இறக்கம் லோரிக்காரர்கள் நன்கறிந்த இடம். தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை. வடகோடியில் கெரிக்கிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிக் கிளந்தானுக்குச் செல்லும், 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் உறை கொதிப்பேறி, உராய்வு குன்றி, மிதித்தும் நில்லாத நிலை வரும். இதற்குக் கீச்சொலியும் இல்லை. தேய்மான விளக்கும் இல்லை. கருகல் வாடை ஒன்றே அறிவிப்பு. குறைந்த கியரில் இறங்கி, எஞ்சினையே தடையாகக் கொள்வதுதான் இதற்குரிய காப்பு. முன்னமே மெலிந்த உறைகளோ, சீர்கெட்ட பிரேக்கோ உள்ள வண்டி இவ்விறக்கங்களில் இறங்குமாயின் ஆபத்து இரட்டிக்கும்.

இச்சாலைகளில் வண்டியோட்டுவோருள் நம்மவர் பலர் உளர். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வழியே வளர்ந்த தோட்டத் தொழில், நம் முன்னோரை இம்மாநிலத்திற்குக் கொண்டுவந்தது. பின்னர்த் தோட்டத் துண்டாடலும், செம்பனைக்கு மாறிய பயிரும், வீடமைப்புத் திட்டங்களும் அம்மக்களை லயங்களிலிருந்து பெயர்த்தன. சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவைச் சூழ்ந்த புறநகர்களிலும் குடியேறிய அவர்தம் மக்களுள் பலர் லோரி ஓட்டினர், பேருந்து ஓட்டினர், சிலர் பட்டறையில் போர்மென் ஆயினர். பால்மரக் காட்டில் உளியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த செவிகள், எஞ்சினின் ஓசையைக் கேட்கப் பழகின.

ஆனால் தேர்க்கட்டைக்காரனுக்கும் இவ்வோட்டுநனுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கீச்சொலியைக் கேட்பவன் ஓட்டுநன். புதுப் பேட் வாங்கப் பணம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால் அன்றைய வருமானத்தை இழப்பவர் இருவருமே. நடைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் ஓட்டுநனுக்கு அவ்விழப்பு அடுப்பங்கரை வரை எட்டும். முன்னர் ஒருவனிடத்தில் இருந்த மூன்று வேலைகளும் மூவருக்குப் பிரிந்துவிட்டன. எச்சரிக்கைக் கருவி எவ்வளவு நுட்பமாக வளர்ந்தாலும், கேட்பவனிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லாவிடில் அக்குரல் வீணே.

ஆர்மாவும் கெரிக்கும்

1889 ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிற்றுப் பள்ளிச் சிறுவர்கள் பலரை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயண இரயில் ஒன்று புறப்பட்டது. ஏற்றத்தில் இயந்திரத்தால் இழுக்க முடியவில்லை. பெட்டிகளை இரண்டாகப் பிரித்தனர். பிரிந்தவுடன் பின்பகுதியின் பிரேக் வலுவிழந்தது. கைப்பிரேக்கால் அதனைத் தாங்க முடியவில்லை. பெட்டிகள் இறக்கத்தில் பின்னோக்கி ஓடி, பின்னே வந்த இரயிலோடு மோதின. மாண்டோர் 80 பேர். அவர்களுள் சிறுவர் பலர்.

இங்கே நாம் நினைக்க வேண்டுவது ஒன்று. பெட்டி பிரிந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் காற்றுப் பிரேக்கை அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தார். பதினேழு ஆண்டுகள் அக்கருவி இருந்தது. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஆர்மாவில் குழந்தைகள் இறந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பயணி இரயில்களுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கிற்று.

2025 ஜூன் 9-ஆம் நாள் விடியுமுன், திரங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் நோக்கி, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. 15 மாணவர் உயிரிழந்தனர். 1922-இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று தமிழாசிரியராக விழைவோரும் பயிலும் நிறுவனம் அது. வகுப்பறையில் நிற்க வேண்டியவர்கள் வழியிலே மறைந்தனர். அரசு அமைத்த விசாரணைக் குழு, மிகுவேகத்தோடு, பராமரிப்புக் குறைவால் பிரேக் செயலிழந்ததையும் காரணமாகக் காட்டிற்று.

அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கைவார் அணிவது கட்டாயமாயிற்று. கனத்த வண்டிகளுக்கு வேகக் கட்டுப்படுத்தியைக் கட்டாயமாக்கும் திட்டமும் அக்டோபர் முதல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. இவை வேண்டியவையே. ஆயினும் இருக்கைவார் மோதலுக்குப் பின் காப்பது. பிரேக் மோதலையே தடுப்பது. வாணிக வண்டிகளை ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதிக்கும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. 1994-இல் தோன்றிய புஸ்பாகோம் அப்பணியைச் செய்து வந்துள்ளது. ஆனால் உறை தேய்வது ஆறு மாதத்தில் ஒருநாள் அன்று, மிதிக்கும்போதெல்லாம் தேய்கிறது. இரு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களைக் காக்க வேண்டியவை பட்டறைக்காரரின் கண்ணும் ஓட்டுநனின் செவியும், அவ்விருவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் முதலாளியின் மனமுமே.

ஆசிரியர் செய்யத்தக்கது

பள்ளிச் சுற்றுலாவுக்கும் போட்டிக்கும் பேருந்து அமர்த்துவோர் நம் ஆசிரியப் பெருமக்களே. வாடகை எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பிரேக் உறை கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது, அதற்குரிய பட்டறைக் குறிப்பு உண்டா என்னும் கேள்விகளையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டல் வேண்டும். புறப்படும் காலையில் ஓட்டுநரை அணுகி, "அண்ணே, பிரேக்கில் சத்தம் ஏதும் உண்டா?" என்று வினவலாம். உண்டு என்று அவர் சொன்னால், பயணத்தைத் தள்ளிவைத்து, அவரைக் குறைகூறாது காத்தல் வேண்டும். உண்மை சொன்னவர்க்கு அன்றைய கூலி போகும் என்றால், மறுமுறை அவர் உண்மை சொல்லத் தயங்குவார்.

தேரோட்டத்தில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். கட்டை போடுவோன் கையைத் தூக்கினால், வடம் பிடித்த கூட்டம் இழுப்பதை நிறுத்துகிறது. உபயக்காரர் யார், பெரியவர் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. அவன் கட்டையைப் பார்த்து, நசுங்கியதை எறிந்து, புதியதைச் செருகியபின்னரே தேர் நகர்கிறது. நம் சாலைகளில் கை தூக்கும் ஓட்டுநனுக்கும் அந்த மதிப்பு கிடைத்தல் வேண்டும்.